கேட்கிறவளை நினைத்துப் பதிவு செய்வோம்

2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் வீடுகளுக்குள் வந்த பல பொருள்கள் இப்போது இல்லை. வாசலில் இருந்த கைகழுவும் திரவப் போத்தலும் முகக்கவசப் பெட்டியும் எங்கோ போய்விட்டன. திரைப் பதிவு மட்டும் போகவில்லை. கணினித் திரையில் நடப்பதையும் அதோடு பேசும் குரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு வீடியோக் கோப்பாக ஆக்குவதைத்தான் திரைப் பதிவு என்கிறோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைக்கு வரமுடியாமற் போன வாரங்களில் அது மறுபடியும் கைகொடுத்தது. இன்று விடுமுறைக்கால மீட்டல் பாடம், தவணைப் பரீட்சை வினாத்தாள் விளக்கம், குழுச் செயற்றிட்டம் என்று எல்லாமே திரைப் பதிவாக வட்ஸ்அப் குழுவில் வந்து சேருகின்றன.

வந்து சேருகின்றனதான். அவற்றில் எத்தனையைக் கடைசி வரை பார்த்தோம் என்று நம்மில் ஒவ்வொருத்தியும் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும். ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இன்னொன்றில் மின்விசிறியின் இரைச்சலுக்கு மேலால் டீச்சர் கத்துகிறார். மூன்றாவதில் குரல் நன்றாக இருக்கிறது, எழுத்துத்தான் தெரியவில்லை. நான்காவது, இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வெறும் கறுப்பு.

நான் உயர்தரத்தில் படிப்பவள். தோழிகளினதும் சில ஆசிரியைகளினதும் பதிவுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அப்படிக் கையில் வந்த கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. பதிவுகள் கெடுவது நல்ல கருவி இல்லாததால் என்பது பெரும்பாலும் சாட்டு. பதிவு செய்கிறவர் தன் பெரிய திரையையும் தன் அறையையும் நினைத்துச் செய்கிறார். அதைப் பார்க்கப்போகிற பிள்ளை உம்மாவின் கையடக்கத் தொலைபேசியில், தம்பி தங்கச்சி சத்தத்துக்கு நடுவில், மீதமிருக்கும் டேட்டாவை எண்ணிக்கொண்டு பார்க்கிறாள். வகுப்பறையில் ஒன்று காதில் விழாவிட்டால் கையை உயர்த்தி, “டீச்சர், விளங்கவில்லை” என்று சொல்லலாம். பதிவிடம் கையை உயர்த்த முடியாது. எனவே பதிவு செய்கிறவர் கொஞ்சம் சிரமப்பட்டால்தான் கேட்கிறவள் சிரமப்படாமல் இருப்பாள். இது எனக்குத் தொழில்நுட்ப விடயமாகத் தெரியவில்லை, அமானிதமாகத்தான் தெரிகிறது.

குரலில் இருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் படம் கொஞ்சம் மங்கினாலும் பாடம் விளங்கும். குரல் போனால் பாடமே போய்விடும். ஆனாலும் புதிதாகப் பதிவு செய்யும் எல்லோரும் முதலில் கேட்பது, “நல்ல வீடியோவுக்கு எந்த மென்பொருள்?” என்றுதான். மென்பொருளை மாற்றினால் குரல் தெளிவடையாது. மடிக்கணினியிலேயே பதிந்திருக்கும் ஒலிவாங்கி உங்கள் வாயிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் அதற்கு உங்கள் குரலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கேட்கும். விசைப்பலகை தட்டும் சத்தம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஆகவே செய்யவேண்டிய முதல் வேலை ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவருவது. தொலைபேசியோடு வரும் வயர் உள்ள சாதாரண இயர்போன் போதும். அதன் சிறிய ஒலிவாங்கி தாடைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். ஹிஜாபில் உரசாமல் ஒரு ஊசியால் குத்திவிடுங்கள். உரசினால் புயல் அடிப்பதுபோலப் பதிவாகும். காதுக்குள்ளேயே சத்தம் கேட்பதால், ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலி திரும்பவும் ஒலிவாங்கிக்குள் போய் எதிரொலிக்கும் பிரச்சினையும் இதோடு தீர்ந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. சில மடிக்கணினிகளில் இயர்போனுக்கு ஒரு துவாரம், ஒலிவாங்கிக்கு வேறொரு துவாரம் இருக்கும். தொலைபேசி இயர்போனைச் செருகினால் காதில் கேட்கும், குரல் பதிவாகாது. அப்படியான கணினியில் இரண்டையும் பிரித்துத் தரும் ஒரு சிறிய இணைப்பான் தேவை. அதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: தொலைபேசியிலேயே குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கணினித் திரை தனியாகப் பதிவாகட்டும். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கணினியின் பக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு தொகுக்கும்போது இரண்டு பதிவிலும் அந்தத் தட்டலை ஒரே இடத்தில் பொருத்திவிட்டால் குரலும் படமும் ஒன்றாகப் போகும். இதற்குக் கணினியின் ஒலிவாங்கியும் மட்டமாகவேனும் வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான்.

புளூடூத் இயர்பட்ஸ் இதற்குச் சரிவராது என்பது என் திடமான கருத்து. பாட்டுக் கேட்கும்போது அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் ஒலிவாங்கியைப் பயன்படுத்தத் தொடங்கியவுடன் பெரும்பாலான கணினிகளில் அது தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் குரலின் மேற்சுருதிகள் வெட்டப்படுகின்றன. ஸகரமும் ஃபகரமும் அங்கேதான் இருக்கின்றன. கணக்குப் பாடத்துக்கு இது பெரிதாகத் தோன்றாது. தஜ்வீத் பாடத்தை அப்படிப் பதிவு செய்தால் என்ன நடக்கும்? ஸே எது, ஸீன் எது, ஃபே எது என்று கேட்கிற பிள்ளைக்குப் பிரித்தறிய முடியாது. வாயைப் பார்த்தும் காதால் கேட்டும் படிக்கவேண்டிய ஒரு கலையில் வாயும் தெரியாமல் காதுக்கும் எட்டாமல் போனால் எதைப் படிப்பது?

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைல்ஸ் பதித்த தரையும் வெறும் சீமெந்துச் சுவரும் உள்ள முன்மண்டபம் பார்வைக்கு அழகு, பதிவுக்கு எதிரி. மெத்தையும் திரைச்சீலையும் உடுப்பு அலுமாரியும் உள்ள படுக்கையறைதான் நம் வீட்டிலிருக்கும் மிகச் சிறந்த ஒலிப்பதிவுக் கூடம். அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து உடுப்புகளைப் பார்த்துப் பேசினால் எதிரொலி பாதியாகக் குறையும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். வியர்க்கும் என்பதால்தான் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பதிவு செய்யாதீர்கள் என்று சொல்கிறேன். நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலையில் சூன் பாண் ஆட்டோ பீத்தோவனின் இசையோடு தெருவெல்லாம் சுற்றும். அதைத் தொடர்ந்து நாலு பள்ளிவாசல்களில் இருந்து அரை நிமிட வித்தியாசத்தில் பாங்கு. பாங்கு நேரத்தில் பதிவை நிறுத்தி வைப்பது எப்படியும் நம் வழக்கம். ஸுபஹுக்குப் பிறகான அரை மணித்தியாலத்தைப் போல அமைதியான நேரம் நாளில் வேறு இல்லை.

இவ்வளவும் செய்து, குரல் பதிவாகவே இல்லையென்றால் ஒலிவாங்கியைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, விண்டோஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் ஒலிவாங்கிக்கான அனுமதி. அங்கே அனுமதி மூடியிருந்தால் எந்த மென்பொருளும் உங்கள் குரலைக் கேட்காது. பிழைச் செய்தியும் காட்டாது, மௌனமாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும். இரண்டு, எந்த ஒலிவாங்கி தெரிவாகியிருக்கிறது என்பது. இயர்போனைச் செருகிய பிறகும் கணினி தன் பழைய ஒலிவாங்கியையே பிடித்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைப் பாவிப்பவர்களுக்குக் கண்ணாலேயே பார்க்க ஒரு வசதி உண்டு. கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என ஓடும் பட்டை மஞ்சளுக்குள் ஏறி இறங்கினால் குரல் சரியான அளவு. பச்சையோடு நின்றால் மெல்லியது. சிவப்பின் எல்லையைத் தொட்டால் குரல் உடைந்து பதிவாகும், உடைந்ததைப் பிறகு யாராலும் ஒட்ட முடியாது. அதே மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டியும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அறையைச் சரிசெய்யாமல் அதை மட்டும் நம்பினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல ஆகிவிடும்.

இனி எழுத்து. நம் தமிழில் புள்ளி இருக்கிறதே, வீடியோவில் முதலில் சாகிறது அதுதான். கோப்பின் அளவைச் சுருக்கும்போது மென்பொருள் நுணுக்கமான சிறு அடையாளங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. 'கண்' என்பது 'கண' ஆகிறது. ரகரமும் காலும் ஒன்றாகின்றன. அரபுக்கு இன்னும் ஆபத்து: பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்று, புள்ளி மட்டுமே வேறு. புள்ளி மங்கிய ஒரு வசனத்தைப் பிள்ளை தன் கொப்பியில் பார்த்து எழுதினால் என்னவாகும் என்று இஸ்லாம் பாட ஆசிரியைகள் யோசித்துப் பார்க்கட்டும்.

இதைத் தவிர்ப்பது கடினமில்லை. திரைப்பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். 28 புள்ளி அளவுக்குக் கீழே போகவே வேண்டாம். ஒரு பக்கத்தில் ஆறேழு வரிக்கு மேல் எதற்கு? வெள்ளையில் கறுப்பு, அல்லது கறுப்பில் வெள்ளை எழுத்து. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடலாம். வீடியோக்களில் வெளிச்ச வேறுபாடு முழுமையாகவும் நிற வேறுபாடு குறைந்த நுணுக்கத்தோடும்தான் சேமிக்கப்படுகின்றன. எனவே நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்து கட்டாயம் கலங்கும். இன்னொன்று, பதிவுக்கு முன்னமே கணினித் திரையின் அளவை 1280க்கு 720 என்று மாற்றிவிட்டு அதே அளவில் பதிவு செய்வது. பெரிய திரையைப் பதிவுசெய்து பிறகு சுருக்கும்போதுதான் விளிம்புகள் மங்குகின்றன. இணையப் பக்கத்தைக் காட்டுவதானால் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் விசையை இரண்டு மூன்று தடவை தட்டி எழுத்தைப் பெரிதாக்குங்கள். சுட்டியை ஈ பறப்பதுபோல ஆட்டாதீர்கள், தலை சுற்றுகிறது.

அனுப்பும்போதும் ஒரு இடத்தில் எல்லாம் கெடுகிறது. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பாட்டில் சுருக்கிவிடும். மிஞ்சியிருந்த புள்ளிகளும் அங்கே போய்விடும். அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் செய்த கோப்பு செய்தபடியே போய்ச் சேரும். ஆனால் செய்தபடியே போவதானால் கோப்பு சிறிதாக இருக்கவேண்டும். பெற்றோர்கள் நிச்சயமாக வாசிக்கவேண்டிய கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது.

ஒரு பாடவேளையை 40 நிமிடம், அதாவது 2400 விநாடி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2500 கிலோபிட் வேகத்தில் பதிவு செய்தால் அந்த ஒரு பாடம் 750 மெகாபைட். நாளொன்றுக்கு மூன்று பாடம் என்றால் இரண்டேகால் கிகாபைட். ஒரே தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதே பாடத்தை, பக்கம் எப்போதாவது மாறும் அசையாத் திரை என்பதை நினைவில் வைத்து, விநாடிக்கு 300 கிலோபிட்டில் செய்தால் 90 மெகாபைட். பேசும் குரலுக்கு 64 கிலோபிட் தாராளம்; அது 19 மெகாபைட். இரண்டும் சேர்ந்து 110க்குக் கிட்ட. எட்டுப் பாடம் பார்க்கும் டேட்டாவில் முன்பு ஒன்றரைப் பாடம்கூடப் பார்க்க முடிந்ததில்லை என்பதை இதிலிருந்து கண்டுகொள்ளலாம். விநாடிக்கு 60 படங்கள் என்பது கணினி விளையாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு. பாடத்துக்கு 10, 15 படங்கள் போதும். ஏற்கெனவே பெரிதாகப் பதிவான கோப்பை ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் சுருக்கலாம். தொகுக்கும்போது குரல் முன்னால் போக உதடோ படமோ பின்னால் வரும் தொல்லைக்கும் அதுவே மருந்து: படங்களின் வேகத்தை மாறாத வேகமாக அமைத்து ஒருமுறை மாற்றி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தன் முகத்தைக் காட்டும் சிறிய சதுரத்தைத் திரையின் மூலையில் வைப்பதைச் சிலர் கட்டாயம் போல நினைக்கிறார்கள். அசையாத திரையில் அது ஒன்றுதான் எந்நேரமும் அசைகிறது. எனவே டேட்டாவில் கணிசமான பங்கை அது தின்கிறது. பாடத்துக்கு அதனால் கிடைப்பது கொஞ்சம்தான்.

இனிக் கறுப்புத் திரையின் கதை. விண்டோஸ் விசையோடு ஆல்ட், ஆர் விசைகளை அழுத்தினால் கணினியிலேயே இருக்கும் கேம் பார் பதிவைத் தொடங்கும். இலகுவானது, ஆனால் அது தொடங்கும்போது திறந்திருந்த ஒரே ஒரு மென்பொருளை மட்டும்தான் பதிவு செய்யும். பவர்பொயின்டில் தொடங்கி நடுவில் இணையப் பக்கத்துக்குப் போனால் அந்தப் பகுதி பதிவில் வராது. முழுத் திரையும் வேண்டுமானால் விண்டோஸ் 11இல் ஸ்னிப்பிங் டூலிலேயே பதிவு வசதி இருக்கிறது, இல்லாவிட்டால் ஓபிஎஸ். ஓபிஎஸ்ஸிலும் சில மடிக்கணினிகளில் கறுப்பாகவே தெரியும். அந்தக் கணினிகளுக்குள் படம் வரையும் சில்லுகள் இரண்டு இருக்கின்றன. திரையை ஒன்று வரைய, ஓபிஎஸ் மற்றதில் ஓடிக்கொண்டிருக்கும். திரை அமைப்புகளில் கிரபிக்ஸ் என்ற பகுதிக்குப் போய் ஓபிஎஸ்ஸுக்கு மின்சேமிப்புச் சில்லைத் தெரிவு செய்தால் கறுப்பு விலகும். கட்டணம் செலுத்திப் பார்க்கும் படத் தளங்கள் கறுப்பாகப் பதிவானால் அது பழுதல்ல. வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

பதிவு விட்டுவிட்டு ஓடினால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். குரோமில் திறந்து வைத்திருக்கும் இருபது பக்கங்களை மூடுங்கள், மின்னேற்றியைச் செருகுங்கள், பென்ட்ரைவில் நேரடியாகப் பதிவு செய்யாமல் கணினிக்குள்ளேயே சேமியுங்கள். பழைய முறையில் அமைந்த பென்ட்ரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறவே ஏறாது.

மின்வெட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். சாதாரண எம்.பி.4 கோப்பு, புத்தகத்தை எழுதி முடித்த பிறகுதான் பொருளடக்கத்தை எழுதும் ஒருவரைப் போன்றது. நடுவில் மின்சாரம் நின்றால் பொருளடக்கம் இல்லை. பொருளடக்கம் இல்லாவிட்டால் முழுப் புத்தகமும் திறக்காது. முப்பத்தெட்டு நிமிடம் பேசிய டீச்சரின் உழைப்பு அதோடு சரி. எம்.கே.வி. வகையில் பதிவு செய்தால் நின்ற இடம் வரையாவது கையில் இருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலில் இருந்தே அதை எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது. புதிய பதிப்புகளில் நடுவில் நின்றாலும் பிழைக்கும் ஒருவகை எம்.பி.4உம் வந்திருக்கிறது. பாடசாலையின் பழைய கணினிகளுக்கு எம்.கே.வியே பாதுகாப்பு. பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம். போனாலும் ஒரு துண்டுதான் போகும்.

பெற்றோரோடு நேரடியாகப் பேசவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மகள் பாடத்தை விளக்கிப் பதிவு செய்கிறாள் என்றதும் சில வீடுகளில், “பொம்புளப் புள்ளட குரல் எங்கெங்கெல்லாம் போகுமோ” என்ற பேச்சு எழுகிறது. அந்தக் கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. எந்தக் குழுவுக்குப் போகிறது, யார் பார்ப்பார்கள் என்று கேட்க வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் முழு உரிமை இருக்கிறது. ஆனால் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் 2210 ஹதீஸ்களை அறிவித்தவர்கள். திரைக்குப் பின்னாலிருந்து பேசி, தங்களைவிட வயதில் மூத்தவர்களுக்கும் கற்பித்தவர்கள். திரைப் பதிவு முகத்தைக் கேட்பதில்லை, பெயரைக்கூடக் கேட்பதில்லை. கமராவின் முன் ஒருபோதும் நிற்கமாட்டேன் என்கிற என் தோழி ஒருத்தி முக்கோண கணிதத்தை விளக்கி அனுப்பும் பதிவுக்காகக் கீழ் வகுப்புத் தங்கச்சிமார் காத்திருக்கிறார்கள். அவளுக்கு இது திறந்த கதவு.

பயப்படவேண்டிய இடம் வேறு, அதைத்தான் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பதிவு ஓடும்போது திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள்! கணினியில் வட்ஸ்அப் திறந்திருந்தால், “மகள், வாப்பாட ரிப்போர்ட் வந்துட்டு, சீனி கூடிட்டுதாம்” என்று உம்மா அனுப்பும் செய்தி நாற்பது பேருக்கும் போய்விடும். இணைய உலாவியின் மேலே நாம் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனோம் என்பது வரிசையாக இருக்கும். மேசைத்திரையில் தேசிய அடையாள அட்டையின் பிரதி கிடக்கும். ஸூம் வகுப்பைப் பதிவு செய்தால் பிள்ளைகளின் முழுப் பெயர்களும், கமரா திறந்தவர்களின் முகங்களும், பின்னால் தலையில் துணியில்லாமல் நடந்துபோன ராத்தாவும் சேர்ந்தே பதிவாகும். இவற்றில் ஒன்றுக்கும் பிள்ளை சம்மதம் சொன்னதில்லை. பதிவுக்கு முன் 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பைப் போடுவதும், வட்ஸ்அப்பை மூடுவதும், பதிவுக்கென்றே கணினியில் ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்கி வைப்பதும் ஐந்து நிமிட வேலை. தனிக் கணக்கின் மேசைத்திரை வெறுமையாக இருக்கும். மறைக்க ஒன்றும் இருக்காது. நேரடி வகுப்பை அப்படியே பதிவு செய்வதைவிட, வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியை மட்டும் பேசிப் பத்து நிமிடச் சுருக்கத்தைப் பதிவு செய்வது எல்லா வகையிலும் மேல் என்பேன்.

“இலவசமாகச் செய்து தருகிறார்கள், அதிலும் குறை காண்பதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு வேலையும் முடித்து, பிள்ளைகளையும் தூங்கவைத்து, இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்யும் டீச்சரை எனக்குத் தெரியும். இந்தப் பட்டியலை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் இதில் பெரும்பங்கு மாணவியர் நம்முடையது என்கிறேன். டீச்சர் பாடத்தைச் சொல்லட்டும். ஒலிவாங்கியைக் குத்திவிடுவதும், அறிவிப்புகளை மூடுவதும், ஒரு நிமிடம் சோதனைப் பதிவு செய்து அதை மலிவான ஒரு தொலைபேசியில் இயர்போன் இல்லாமல் போட்டுப் பார்ப்பதும் நாம் செய்யக்கூடிய வேலைகள். அந்த ஒரு நிமிடச் சோதனை மேலே சொன்ன தவறுகளில் முக்கால்வாசியை அங்கேயே பிடித்துவிடும். கணினியில் போட்டுப் பார்ப்பது சோதனையல்ல. பார்ப்பவள் எதில் பார்ப்பாளோ அதில் பார்க்கவேண்டும்.

விலை கூடிய ஒலிவாங்கி, வட்ட விளக்கு என்றெல்லாம் வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கிற தோழிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காசில் ஒரு மாத டேட்டாவை உங்கள் வகுப்பில் இல்லாதவள் ஒருத்திக்குப் போட்டுவிடலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் என் வேண்டுகோள் சிறியது. நூலகத்துக்குப் பக்கத்தில் பழைய தேசப்படங்கள் அடுக்கிக் கிடக்கும் அறைக்கு ஜன்னலை மூடும் அளவில் இரண்டு தடித்த திரைச்சீலை, தரைக்கு ஒரு பழைய கம்பளம், வயர் உள்ள ஒலிவாங்கி ஒன்று. கணினி ஆய்வுகூடத்தில் சும்மா இருக்கும் ஒரு மடிக்கணினியை அங்கே வைக்கலாம். செவ்வாய், வியாழன் பாடசாலை விட்டபின் இருவர் இருவராக நாங்கள் முறை வைத்து நிற்போம். ஆசிரியைகள் வந்து அமர்ந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனால் போதும்.